ஸ்பேர் கிடைக்காத முழங்கால்

எங்கள் வீட்டு சோபாவுக்கு வயது ஆறு. அதன் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. உட்கார்ந்தால் நொறுக்கென்று சத்தம் வரும். வெயில் நாளில் எழுந்தால் உறையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழும். டி.வி. ரிமோட்டுக்கு ஓர் உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதன்மேல் இன்னோர் உறை. இந்த லட்சணத்தில் இருக்கும் வீட்டுக்குத்தான் நாலு மாதம் முன்னால் அம்மா புது முழங்காலோடு வந்து சேர்ந்தாள்.

போன வாரம் இந்தக் கதையை டெப்போ மேனேஜர் போன் செய்ததோடு நிறுத்தியிருந்தேன். அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அம்மா பஸ் டிரைவர். நாலாம் நம்பர் ரூட். டெப்போவில் அவளுக்குப் பெயரே "நாலாம் நம்பர்" தான். கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்காலின் உள்பக்கம் தேய்ந்துவிட்டது. மற்ற பக்கமெல்லாம் நன்றாகவே இருந்ததால், மூட்டு முழுவதையும் மாற்ற வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கேன் எடுத்து, அவளுடைய எலும்பின் வளைவுக்கே அளவெடுத்துச் செய்த பாதி மூட்டைப் பொருத்தினார்கள்.

"மாசக் கடைசிக்குள்ள வண்டி ஓட்டலாம்னு டாக்டர் லெட்டர் கொண்டு வந்துடுங்க" என்றார் மேனேஜர். "இல்லேன்னா ரூட்டை வேற ஆளுக்கு நிரந்தரமா கொடுத்துடுவேன். உங்களுக்குத் தொலைஞ்சு போன சாமான் கவுண்டர்ல ஒரு நாற்காலி இருக்கு."

அம்மா போனை வைத்துவிட்டுச் சொன்னது ஒரே வாக்கியம்தான். "ஊர்க்காரங்க விட்டுட்டுப் போன குடைக்கும் ஒத்தை செருப்புக்கும் நான் காவல் இருக்கணுமாம்."

இன்றைக்கு டாக்டரைப் பார்க்கும் நாள். லெட்டர் கிடைத்தால் பஸ், கிடைக்காவிட்டால் குடை.

"பாப்பா, அந்தத் தலகாணிய எடு. சின்னது இல்ல, பெருசு."

எனக்கு முப்பத்திநாலு வயது. கண்ணாடிக் கடையில் என் கீழே மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அப்பாவுக்கு நான் இன்னும் பாப்பா.

வாசலில் வீல்சேர் நின்றது. அப்பா அதைக் கீழ்வீட்டுக்காரர்களிடம் இரவல் வாங்கியிருந்தார்.

"எதுக்குப்பா இது? அம்மாதான் நடக்கிறாளே."

"ஆஸ்பத்திரி வராண்டா எவ்வளவு நீளம் தெரியுமா? அவ்வளவு தூரமும் தேயணுமா?"

தேய்மானம். நாலு மாதமாக எங்கள் வீட்டில் மூச்சுக்கு முந்நூறு தடவை அடிபடும் வார்த்தை அது.

அப்பாவைச் சொல்லியும் குற்றமில்லை. இயந்திர உதிரிபாகக் கிடங்கில் காலமெல்லாம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். கடைசிப் பீஸைக் கையை விட்டு விடக்கூடாது என்பது அங்கே அவர் வைத்த சட்டம். மெக்கானிக்குகள் வந்து கெஞ்சுவார்கள், கத்துவார்கள், முதலாளியிடம் போவார்கள். அப்பா அசைய மாட்டார். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எங்களுக்குத் தெம்பூட்டுவதாக நினைத்து, "இது உங்களுக்குன்னே செஞ்சது. உலகத்துல வேற யாருக்கும் பொருந்தாது" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் முகம்தான் விழுந்துவிட்டது. வெளியே வந்ததும் என் காதோடு சொன்னார்: "அப்படின்னா இதுக்கு ஸ்பேர் கிடையாது."

அன்றைக்கே அந்த முழங்கால் கடைசிப் பீஸ் ஆகிவிட்டது.

அம்மா படி ஏறக்கூடாது. குனியக்கூடாது. காலை மடக்கி உட்காரக்கூடாது. நீட்டி வைக்க ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை, தலையணைமேல் துண்டு. பயிற்சி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த பெண்ணை மூன்றாம் தடவையோடு நிறுத்திவிட்டார். "அவ ரொம்ப மடக்குறா" என்பது காரணம். அம்மாவின் எலும்பைப் பார்த்துச் செய்த பிளாஸ்டிக் மாதிரி எலும்பு ஒன்றை ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். அது கண்ணாடி அலமாரியில், யாரும் டீ குடிக்காத கோப்பைகளுக்கு நடுவே, பாலிதீன் பையில் கொலுவிருக்கிறது. இன்று அப்பா அதையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு எடுத்துக்கொண்டார்.

"நான் நடந்தா தேயும், நின்னா வீங்கும்" என்றாள் அம்மா, வீல்சேரில் தொப்பென்று உட்கார்ந்து காலைத் தலையணைமேல் நீட்டியபடி. "உக்காந்தா என்ன ஆகும்னு இன்னும் கண்டுபிடிக்கலையா?"

"உக்காந்தா ஒண்ணும் ஆகாது. அதனாலதான் உக்காரச் சொல்றேன்."

"குடுங்கப்பா, நான் தள்றேன்."

"வேணாம். எனக்குத்தான் பழக்கம்." பிடியை விடவே இல்லை. லிஃப்ட்டிலும் விடவில்லை, டாக்சிக்காரன் வண்டியை வாங்கி மடக்கும்வரை விடவில்லை. டாக்சியில் நான் முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் அறை மூன்றாம் மாடி. காத்திருக்கும் கூடத்தில் நாங்கள் போய் நிற்கவும், மாடிப்படி வழியாக ஒருவர் விறுவிறுவென்று ஏறி வரவும் சரியாக இருந்தது. சலூன்காரர். அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரம் அவருக்கும் அதே ஆபரேஷன். பக்கத்துப் பக்கத்து அறை. வலி வந்தால் இருவரும் சுவரைத் தட்டிக் குசலம் விசாரித்துக்கொள்வார்கள்.

"வாங்க நாலாம் நம்பர்! என்ன இது, வண்டியில? எங்கியாவது விழுந்துட்டீங்களா?"

"விழல. விழ எங்க விட்டாங்க" என்றாள் அம்மா.

சலூன்காரர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டுக்கொண்டார். அம்மாவின் கண் அந்தக் காலிலேயே இருந்தது. பசித்தவள் அடுத்தவர் தட்டைப் பார்ப்பது போல இருந்தது எனக்கு.

அப்பா விசாரணையை ஆரம்பித்தார்.

"கடைக்குப் போறீங்களா?"

"ரெண்டு மாசமா போறேன் சார். நாள் பூரா நின்னுதான் வெட்டறேன்."

"வலி?"

"ஆரம்பத்துல உயிரே போச்சு. இப்ப இல்ல."

"ராத்திரியில?"

"ராத்திரியிலதான் ஜாஸ்தி. அதுவும் போயிடுச்சு."

"எப்ப போச்சு?"

"அதான் சார் தெரியல. ஒரு நாள் கடையச் சாத்திட்டு வந்து படுத்தேன். அட, இன்னைக்கு முட்டியப் பத்தி நினைக்கவே இல்லியேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

"எந்தக் கால்ல பண்ணாங்க?"

சலூன்காரர் மேலே போட்டிருந்த காலை இறக்கினார். இரண்டு முழங்காலையும் தொட்டுப் பார்த்தார். "இருங்க, இருங்க" என்று பேண்ட்டைச் சுருட்டித் தழும்பைத் தேடிக் கண்டுபிடித்தார். "இதுதான்!" அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நாலு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எவ்வளவு அலட்சியமா உபயோகிக்கிறான் பாரு" என்று என்னிடம் முணுமுணுத்தார். ஆனால் சலூன்காரரை விட்டபாடும் இல்லை. "முதுகுல ஊசி போட்டாங்களே, அது போடறப்ப ரொம்பத் தெரியுமா? உள்ள அறுக்கற சத்தம் காதுல விழுமா?"

"அப்பா, அம்மாவுக்கு எல்லாம் போட்டு முடிச்சாச்சு. இப்ப எதுக்கு அது?"

"தெரிஞ்சு வச்சுக்கறதுல என்ன நஷ்டம்?"

நான் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

டாக்டர் குள்ளமான பெண்மணி. பேச்சிலும் அப்படித்தான், ஒரு சொல் கூடுதலாக இருக்காது.

"எப்படி இருக்கீங்க?" அம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார்.

"நல்லா இருக்கா டாக்டர்" என்றார் அப்பா.

"மாடிப்படி ஏற முடியுதா?"

"நான் ஏற விடறதில்ல."

"தாழ்வான நாற்காலியிலேர்ந்து எந்திரிக்க முடியுதா?"

"தாழ்வான நாற்காலிய வீட்ட விட்டே எடுத்துட்டேன்."

"வலி?"

"துளிகூட இல்ல."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். "நான் யார் காலுக்கு ஆபரேஷன் பண்ணேன்?"

அப்பாவுக்கு அந்தக் கேள்வியின் குத்தல் உறைக்கவே இல்லை. துணிப்பையைத் திறந்து பிளாஸ்டிக் எலும்பை எடுத்து மேஜைமேல் வைத்தார், டாக்டருக்கு நினைவில்லாவிட்டால் உதவட்டும் என்று.

எக்ஸ்ரே படத்தை விளக்குப் பலகையில் மாட்டினார்கள். எனக்கே தெரிந்தது. எலும்போடு எலும்பாக அந்த உலோகம் அழகாகப் பொருந்தியிருந்தது.

"புதுசு மாதிரியே இருக்கு பாத்தீங்களா!" அப்பாவின் குரலில் அப்படி ஒரு பூரிப்பு.

"புதுசாவே வச்சுக்கறதுக்கா சார் நான் போட்டேன்? படுங்கம்மா. காலை மடக்குங்க."

அம்மா மடக்கினாள். நாற்காலியில் உட்காரும் அளவுக்குக்கூட மடங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றாள். தொடை இறுகி நடுங்கியது, முழங்கால் நகரவில்லை. அவள் கண்ணில் குடையும் ஒத்தைச் செருப்பும் வந்து நின்றதை நான் பார்த்தேன்.

டாக்டர் குதிகாலுக்கு அடியில் கையைக் கொடுத்தார். "விடுங்க. ஆமா, நான் தினம் நாலாம் நம்பர்லதான் வரேன். அந்தப் பாலத்துக்கு முன்னாடி எதுக்கு எப்பவும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்குது?"

"அது வண்டிய கொண்டுபோற விதம் டாக்டர்!" அம்மா பாதி எழுந்தே விட்டாள். "அங்க வளைவு பாக்கத்தான் லேசு, ரோடு உள்பக்கமா சாஞ்சிருக்கும். முன்னாடியே கியரைக் குறைச்சுட்டு, கிளட்சை மெள்ள விட்டுக்கிட்டே திருப்பணும். இப்ப ஓட்டறவன் வளைவுக்குள்ள போனப்புறம் பிரேக்குல ஏறி நிக்கறான். உள்ள நிக்கற சனமெல்லாம்..." இரண்டு கையாலும் காற்றில் ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

அவள் திருப்பிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய குதிகால் தொடைக்குக் கிட்டே வந்துவிட்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"டாக்டர், மெதுவா! உடைஞ்சிரப் போவுது!" அப்பா அலறினார்.

முழங்கால் வெடுக்கென்று நீண்டது. அம்மா "ஐயோ" என்றாள்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார் டாக்டர்.

"நான் இருந்தாத்தான்..."

"வெளிய."

அப்பா வீல்சேரைத் தள்ளிக்கொண்டே வெளியே போனார். காலி வண்டியை எதற்கு உருட்டிக்கொண்டு போகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கதவு சாத்தியதும் டாக்டர் மறுபடியும் முதல் கேள்விக்கே வந்தார். "இப்ப நீங்க சொல்லுங்க. எப்படி இருக்கு?"

அம்மா கதவைப் பார்த்தாள். பதில் அங்கிருந்து வரும் என்று பழகிப்போய்விட்டது. வரவில்லை என்றதும் மெதுவாகச் சொன்னாள்: "வலி இல்ல டாக்டர். கோவம்தான் இருக்கு."

"யார் மேல?"

"என் மேலயும்தான். வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சவ நான். இவர் டீ போட்டுக் கையில கொடுத்து, தலகாணி வச்சு, துண்டு போத்தி... முதல் மாசம் சுகமாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. அப்புறம் ஒரு நாள் மடக்கிப் பாத்தேன், மடங்கல. பயந்துட்டேன். அவர் சொல்றதுதான் சரியோன்னு விட்டுட்டேன்."

எனக்கு அவள்மேலும் எரிச்சலாக வந்தது. ஊரையே ஏற்றி இறக்குகிறவள், வீட்டில் முக்காலியைப் பார்த்து மிரண்டிருக்கிறாள்.

"நான் மடக்கினா மடங்குது, நீங்க மடக்கினா மடங்கல" என்றார் டாக்டர். "முட்டியில ஒரு கோளாறும் இல்ல, பயந்துபோய் இறுக்கிப் பிடிக்கறீங்க. இன்னும் கொஞ்ச நாள் இப்படியே விட்டா நிஜமாவே இறுகிப்போயிடும். அப்ப நானும் ஒண்ணும் செய்ய முடியாது. இன்னைக்கு லெட்டர் தர மாட்டேன்."

"டாக்டர், மாசக் கடைசி..."

"அடுத்த வெள்ளிக்கிழமை வாங்க. அதுக்கப்புறமும் மாசத்துல ரெண்டு நாள் இருக்கு. நீங்களே மடக்கிக் காட்டணும், நான் பேச்சுக் கொடுக்க மாட்டேன். பயிற்சி சொல்லித் தந்த பொண்ணைத் திரும்ப வரச் சொல்லுங்க. படியில ஏறுங்க, இறங்குங்க. டாக்சி வேணாம், பஸ்ல போங்க."

வெளியே அப்பா வீல்சேரின்மேல் சாய்ந்து நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"படியில இறங்கச் சொன்னாங்க" என்று அம்மா மாடிப்படியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா! லிஃப்ட் இருக்கறப்ப எவனாவது படியில... மூணு மாடி! ஒவ்வொரு படிக்கும் எவ்வளவு தேய்மானம் தெரியுமா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்க போய் ஸ்பேர் தேடறது?"

அம்மா திரும்பினாள். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

"உங்க கிடங்குல பிரிக்காமயே வச்சிருந்தீங்களே ரப்பர் வாஷர், அது என்ன ஆச்சு?"

அப்பா வீல்சேர் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க. ரிட்டையர் ஆகறப்ப பெட்டியத் திறந்தீங்க. அத்தனையும் காஞ்சு தூளா உதிர்ந்துச்சு. ரெண்டு நாள் சோறு இறங்கல உங்களுக்கு. கேட்டவனுக்கெல்லாம் இல்ல இல்லன்னு சொல்லிக் காப்பாத்தினீங்க. கடைசியில யாருக்கு ஆச்சு?"

"அது ரப்பர்" என்றார் அப்பா.

"இது நான்" என்றாள் அம்மா.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "சரி. நீங்க போங்க. வீல்சேர் இருக்கு, நான் லிஃப்ட்லயே வரேன்."

மூன்றாம் மாடிப் படிகள் முழுக்க அம்மா குழந்தை மாதிரி ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாள். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கியது. இரண்டாம் மாடிப் படிகளில் ஒரு படிக்கு ஒரு கால் வைத்தாள். முழங்கால் மடங்கியது. நின்று, அதைக் குனிந்து பார்த்தாள். "பாலத்தைப் பத்தி ஏதாவது கேளு" என்றாள். கேட்டேன். மீதி மாடியை அவள் பாலம், வளைவு, கியர் என்று பேசிக்கொண்டே இறங்கி முடித்தாள். முகமெல்லாம் வியர்வை. அவளுடைய பஸ்ஸை யாரோ அவள் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டதைப் போல ஒரு களை அதில்.

வாசலுக்கு எதிரே பஸ் ஸ்டாப். அப்பா அங்கே நடைமேடை ஓரத்தில் வீல்சேரோடு நின்று போனில் டாக்சி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிப்பதற்குள் நாலாம் நம்பரே வந்துவிட்டது.

வந்து, நடைமேடையை ஒட்டி நிற்காமல், ரோட்டில் தள்ளி நின்றது.

"பாரு, பாரு! எவ்வளவு தள்ளி நிறுத்தறான்! வயசானவங்க கீழ இறங்கி எப்படி அவ்வளவு உசரம் ஏறுவாங்க?" அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்த ஆத்திரத்திலேயே ரோட்டில் இறங்கி, கம்பியைப் பிடித்து, படியில் காலை வைத்தாள். கிளட்ச் காலை. அது மடங்கியது, ஊன்றியது, அவளை மேலே தூக்கிவிட்டது. ஏறின பிறகுதான் எந்தக் காலை வைத்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

"அக்கா, நீங்களா!" என்றார் ஸ்டியரிங்கில் இருந்த மீசைக்காரர்.

"ஓரம் கட்டி நிறுத்தக் கத்துக்கோ தம்பி. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இந்த சீட்டு உனக்கு."

நான் அப்பாவின் கையிலிருந்து வீல்சேரை வெடுக்கென்று வாங்கி, மடக்கி, உள்ளே ஏற்றினேன். "வாங்கப்பா, ஏறுங்க."

அவர் நடைமேடையிலிருந்து ரோட்டில் இறங்கினார், படிவரைக்கும் வந்தார். படியைப் பார்த்தார். "நீங்க போங்க பாப்பா. டாக்சிக்காரன் கிளம்பிட்டானாம். சொல்லிட்டு ஏமாத்தினா நல்லா இருக்காது."

"ஐயோ அப்பா! அம்மாவே ஏறிட்டா, உங்களுக்கு என்ன?"

"போங்கன்னா போங்களேன்."

இந்த மனுஷனைத் திருத்தவே முடியாது என்று நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாள். வண்டி கிளம்பும்முன் கண்ணாடியைப் பார்ப்பது அவள் ரத்தத்தில் ஊறிய பழக்கம். பார்த்தாள். பார்த்தபடியே நின்றுவிட்டாள்.

"வண்டிய எடுக்காத" என்றாள் மீசைக்காரரிடம்.

நானும் எட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் அப்பா தெரிந்தார். பிடித்துக்கொள்ள வீல்சேர் இல்லை. ஸ்டாப் கம்பத்தை ஒரு கையால் பற்றி, மறு கையால் தன் பேண்ட்டைத் தொடைப்பக்கம் கொத்தாகப் பிடித்துக் காலைத் தூக்கி, நண்டு போலப் பக்கவாட்டில் திரும்பி, அந்தச் சின்ன நடைமேடைமேல் ஏறப் பார்த்தார். முடியவில்லை. மறுபடியும் தூக்கினார். ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வருடம் அம்மா வீட்டு வாசலில் ஏறியது இப்படித்தான்.

விடாத வீல்சேர் பிடி. எங்கே போனாலும் லிஃப்ட், எங்கே போனாலும் டாக்சி. ராத்திரியில் வலிக்குமா, முதுகில் ஊசி தெரியுமா, அறுக்கிற சத்தம் கேட்குமா. எனக்கு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேனே தவிர, அவரை ஒரு தடவை பார்க்கவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது.

அம்மா படிக்கட்டுக்கு வந்தாள். பின்னால் யாரோ, "நேரமாவுது, எடுங்கப்பா" என்று சலித்துக்கொண்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

"ஏங்க" என்று கூப்பிட்டாள்.

கம்பத்தைப் பிடித்தபடி நிமிர்ந்தார்.

"எந்தக் கால்?"

அம்மாவின் முழங்காலைப் பற்றி யார் என்ன கேட்டாலும் முந்திக்கொண்டு பதில் சொன்ன என் அப்பா, பிளாஸ்டிக் எலும்பு இருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, டாக்சி வருகிறதா என்று தெருக்கோடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.